ஏரியில் கேட்ட கல்லூரி

அமெரிக்காவில் இரண்டு வருஷம் படித்துவிட்டுத் திரும்பிய அமீருதீனை அழைத்துவர, அவன் மனைவி குல்சும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். சுண்ணாம்புக்குளம் துறையில் ஊருக்குப் படகேறினார்கள். பழவேற்காடு ஏரியும் வானமும் ஒரே நிறமாகக் கிடந்தன. பூநாரைகள் தண்ணீரில் நிற்கின்றனவா, மேகத்தில் நிற்கின்றனவா என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவன் நிஜம்தானா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"உங்க காலேஜு எப்டி இருக்கும்?" என்றாள்.

"தாலிக்வான்னு சின்ன ஊரு. செரோக்கீன்னு ஒரு ஜனம். சொந்த மண்ணவுட்டுத் தொரத்திட்டாங்க. நடந்தே வந்து அங்க குடியேறினாங்க. வந்த எடத்துல பொண்ணுங்களுக்குன்னு பள்ளிக்கூடம் கட்டினாங்க. அது எரிஞ்சிபோச்சி. மறுபடியும் கட்டினாங்க. இப்ப காலேஜா இருக்குற அந்தக் கட்டடத்துலதான் நான் படிச்சேன்."

"பொண்ணுங்களுக்கா?"

"ஆமா. அவங்க பாஷைக்குத் தனி எழுத்தும் இருக்கு. நம்மாளுங்க தமிழ அரபு எழுத்துல எழுதுறாங்கன்னு சொன்னேன். கூடப் படிச்ச செரோக்கீப் பையன் எழுதிக் காட்டச் சொல்லி ஆசையா பாத்துக்கினு இருந்தான்."

குல்சுமை வயசுக்கு வந்ததும் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியிருந்தார்கள். இப்போது அவள் கண்ணுக்குள், செங்கல் கோபுரம் வைத்த கட்டடம் ஒன்று ஏரியின் மேல் மிதந்து வந்தது. அதன் படிகளில் பழவேற்காட்டுப் பெண்கள் முக்காடு நழுவ ஓடி ஏறினார்கள்.

"நம்ம ஊட்டு கொடவுன் சும்மாதானே கெடக்கு? நான் பொண்ணுங்களுக்குச் சொல்லித்தரட்டுமா?"

"அத்தா ஒத்துக்க மாட்டாரு," என்றான்.

"நீங்க கேளுங்க. அங்க பாத்ததச் சொல்லுங்க."

கேட்டான். அவன் அத்தா அப்துல் வாஹித் காச்சுமூச்சென்று கத்தினார். "பொண்ணுங்கள வெச்சிக்கினு இது இன்னா பேஜாரு?" அமீருதீன் மறுநாள் விடிந்ததும் கிடங்கைத் தானே பெருக்கி, கரும்பலகைக்காகச் சுவரில் கரி பூசினான். அவர் வாசலில் நின்று பார்த்தார். படித்த மகன் துடைப்பத்தோடு நிற்பதைக் கண்டு என்ன நினைத்தாரோ, தடுக்காமல் போய்விட்டார்.

முதலில் பக்கத்து வீட்டு மெஹர்னிசா மட்டும் வந்தாள். பிறகு அவள் தோழிகள். மழை ஓய்ந்த ஒரு காலையில் குல்சும் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் யாரோ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாமியார் பீவி ஜான்.

"என்னப் பாக்காத. நீ பாட்டுக்குச் சொல்லு," என்றாள்.

அன்று அப்துல் வாஹித்துக்குக் காலை நாஷ்டா நேரத்துக்குக் கிடைக்கவில்லை.