நேரில் பார்த்தவர்

அப்பாவின் காக்கிச் சட்டைப் பையிலிருந்து அவள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, சின்ன முதலாளி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

கூடத்தில் அப்பாவை வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு உயிர் போனது. இப்போது மணி பதினொன்று. வந்தவர் அங்கே ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றுவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். கையில் பூ இல்லை. பழுப்பு உறை ஒன்று இருந்தது.

"மனசே சரியில்லம்மா. எங்கப்பா காலத்துலேர்ந்து கம்பெனிக்குக் கண்ணு மாதிரி இருந்தவரு."

"காதுன்னுதானே சார் எல்லாரும் சொல்வாங்க."

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள் மத்தியில் அப்பாவுக்குக் காதுக்காரர் என்றுதான் பெயர். ஓடும் லிஃப்ட்டின் சுவரில் காதை ஒட்டவைத்து, மேலே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு லிஃப்ட்டுக்குள்ளும் கண்ணாடிச் சட்டத்தில் ஓர் அட்டை இருக்கும். சோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி, அதன் கீழே 'நேரில் பார்த்தவர்' என்று ஒரு வரி, அந்த வரியில் அப்பாவின் கையெழுத்து. நாற்பது வருடமாக அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இந்த ஊர் மாடியேறியது.

முதலாளி உறையைச் சமையல் மேடையில் வைத்தார். "பதினோரு கார்டு இருக்கு. நேத்துத் தேதியில அவர் கையெழுத்து வேணும். நாளைக்கு அதிகாரிங்க வராங்க. உனக்கு அவர் கையெழுத்து தண்ணி பட்ட பாடுதானே? ஸ்கூல்ல லீவு லெட்டர் எல்லாம் நீயே போட்டுக்குவேன்னு அவரே சொல்லிச் சிரிச்சிருக்காரு."

"நேத்து அவருக்கு மூச்சு விடவே முடியல சார்."

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?" அவர் ஃபோனை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். "உன் லெட்டரும் ரெடி. ஒரு அழுத்து அழுத்தினா போயிடும். இன்னைக்கு அஞ்சு மணிதானே கடைசி?"

அஞ்சு மணிதான் கடைசி. பல்கலைக்கழகத்தின் மாலை நேரப் பொறியியல் வகுப்புக்கு முப்பத்தைந்து வயது ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு முப்பத்துநாலு முடியப்போகிறது. எல்லாத் தாளையும் அனுப்பியாகிவிட்டது. வேலை செய்யும் இடத்தின் மேலாளர், விண்ணப்பிப்பவரின் கைத்திறன் பற்றி எழுதித் தரவேண்டிய பரிந்துரைக் கடிதம் மட்டும் பாக்கி. இரண்டு மாதமாகக் கேட்கிறாள். முதலில் 'பாக்கலாம்'. பிறகு 'ஞாபகப்படுத்து'. அதற்கப்புறம் ஒரு சிரிப்பு: 'நீ இன்ஜினியர் ஆயிட்டா என் ஃபைலை யாரும்மா பாக்கறது?'

அவள் படித்தாள். 'இவர் எங்கள் அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகளாக எழுத்தராகப் பணிபுரிகிறார். கோப்புகளைச் சுத்தமாக வைத்துக்கொள்வார். தொலைபேசியில் பணிவாகப் பேசுவார்.'

பொறியியல் துறைக்கு, தொலைபேசியில் பணிவாகப் பேசுவார். சிரிப்பு தானாக வெடித்து வந்தது.

கூடத்திலிருந்து அத்தை ஓடிவந்தாள். "ஏண்டி, எங்கண்ணன் அங்க கெடக்கான், நீ இங்க பல்லைக் காட்டிட்டிருக்கே?" பிறகு முதலாளியிடம், "தப்பா எடுத்துக்காதீங்க சார். பொறந்ததுலேர்ந்தே எடக்கு. அவரைச் சொல்லணும், செல்லம் குடுத்துக் கெடுத்தாரு."

செல்லம் என்று அத்தை எதைச் சொல்கிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறக்கிவிட்டதையா?

மூன்று வருடத்துக்கு முன் அப்பாவின் முழங்கால்கள் இரண்டும் கைவிட்டன. அன்றிலிருந்து அலுவலக நேரத்தில் அவள் எழுத்தர். மற்ற நேரத்தில் அப்பாவின் கால். அவர் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அவள் மேலே இயந்திர அறைக்கு ஏறி, இரும்புக் கயிற்றை விரலால் தடவி, அறுந்த இழைகளை எண்ணி, குழி வழியாகக் கத்துவாள். கீழேயிருந்து ஒரே கேள்விதான் எப்போதும் வரும்: "பார்த்தியா, இல்ல பார்த்த மாதிரி இருந்துச்சா?" சந்தேகமாக இருந்தால் மறுபடி எண்ணுவாள். கிரீஸ் கையோடு இறங்கி வந்தால், அவர் அட்டையை மடியில் வைத்து அந்த வரியில் தன் பெயரை எழுதுவார்.

ஒருமுறை கேட்டாள், "நான்தானேப்பா பார்த்தேன்?" அவர் பேனாவை மூடிக்கொண்டே, "என் பேரு இருந்தா ஒரு பய கேள்வி கேக்க மாட்டான்," என்றார். பார்க்காததில் கையெழுத்துப் போடாத மனிதர் என்று ஊரே சொல்லும். கடைசி மூன்று வருடம் பார்க்காததில்தான் போட்டார். அதை அவள் மன்னித்தாளா இல்லையா என்று இன்றுவரை தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. இனி கேட்டும் பயனில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவர் கேட்டார், "லெட்டர் வந்துச்சா?"

"இல்லப்பா."

"நான் எழுதலாம். அப்பன் எழுதினா செல்லாதாமே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கார்டுல உன் பேரைப் போட்டிருந்தா..." வாக்கியம் அங்கேயே நின்றது. தண்ணீர் கேட்டார். கொடுத்தாள்.

அவள் உறையைப் பிரித்துப் பதினோரு அட்டைகளையும் மேடையில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் கட்டடத்தின் முகவரி இருந்தது. அவற்றைப் பிரித்தாள். இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் இரண்டு. போன வாரம் அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அவள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவை அந்த ஒன்பது. பேனாவை எடுத்தாள். அப்பா மாதிரி எழுத அவளுக்கு ஒரு நொடி போதும். முழுதாக, நிதானமாக, 'நேரில் பார்த்தவர்' வரியில் தன் பெயரை எழுதினாள். தேதியும் அவள் பார்த்த தேதியே.

முதலாளி பாய்ந்து வந்தார். "என்னம்மா பண்றே? உன் பேரு செல்லாது!"

"இந்த ரெண்டை யாருமே பார்க்கல சார். ஆளனுப்பிப் பார்க்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

"லெட்டர் வேணாமா உனக்கு?"

"இந்த லெட்டர் வேணாம்."

"அஞ்சு மணிக்கு மேல அழுது பிரயோஜனம் இல்ல."

"இன்னைக்கு நான் அழறதுக்கு வேற காரணம் இருக்கு சார்."

முதலாளி அட்டைகளை வாரி உறைக்குள் திணித்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்துவிட்டது. அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது, வீடு ஆறாவது மாடியில் இருக்கிறது. கம்பெனி மெக்கானிக்குகள் இரண்டு பேர் மாடிப்படியை அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். திருப்பம் குறுகல்.

"லிஃப்ட்லயும் நீளவாக்குல போகாது," என்றார் கட்டடத்துக் காவலாளி. "நாற்காலியில உக்காரவச்சு, துணியால கட்டி..."

"எங்கண்ணனைக் கட்டுவீங்களா?" என்று அத்தை ஓவென்று அழத் தொடங்கினாள்.

"யாரும் கட்ட வேணாம்," என்றாள் அவள். "தூக்கிட்டு வாங்க."

லிஃப்ட்டுக்குள் போய்ப் பின்சுவரின் அடியில் குனிந்தாள். சாவிக்கொத்தில் கட்டையான முக்கோணச் சாவி ஒன்று இருந்தது. திருகினாள். பின்சுவரின் கீழ்ப்பாதி கதவுபோல் திறந்தது. உள்ளே ஒரு கை நீளத்துக்கு இருட்டான பொந்து. படுத்த ஆளின் கால் பக்கம் நீட்டிக்கொள்ள, கட்டும்போதே விட்ட இடம்.

"இத்தனை வருஷமா இதுல ஏறி இறங்கறேன்," என்றார் காவலாளி. "இப்படி ஒரு சமாசாரம் இருக்கறதே தெரியாதே!"

முதலாளி எட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

அப்பாவை உள்ளே கிடத்தினார்கள். கால்கள் பொந்துக்குள் சரியாகப் போய் அடங்கின. மெக்கானிக்குகள் கீழே வாங்கிக்கொள்வதற்காகப் படியில் இறங்கி ஓடினார்கள். பொந்தருகே அவள் குனிந்திருந்தாள்; தலைமாட்டில் காவலாளி நின்றார். கூட ஓர் ஆள் வேண்டும். எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் ஒரு காலை உள்ளே வைத்தார். கண் சட்டத்திலிருந்த அட்டையில் விழுந்தது. காலை வெளியே இழுத்துக்கொண்டார்.

"இதுல தேதி முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சே."

"ஆமா சார். புதுக் கார்டு உங்க உறையில இருக்கு. செல்லாததுல ஒண்ணு."

அவர் அட்டையைப் பார்த்தார், கிடந்தவரைப் பார்த்தார், கதவு விளிம்பின் இடுக்கில் தெரிந்த இருட்டைப் பார்த்தார். குரல் தானாகவே இறங்கியது.

"ஏறலாமாம்மா?"

அவள் நிமிர்ந்தாள். "யாரைக் கேக்கறீங்க? கிளார்க்கையா?"

அத்தைகூட அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"ஏறலாம் சார்," என்றாள். "வெள்ளிக்கிழமை கயிறு மூணும் பார்த்தேன். பிரேக் பார்த்தேன். ஏறுங்க."

அவர் ஏறினார். கதவு மூடியது. பழைய லிஃப்ட், மெதுவாகத்தான் இறங்கியது.

ஐந்தாவது மாடியைத் தாண்டும்போது அவர் ஃபோனை எடுத்தார். கட்டைவிரல் எதையோ அழித்தது. நின்றது.

"எழுத்தர்ங்கறதை எடுத்துட்டா அங்க என்ன போடறது?"

"பார்த்ததைப் போடுங்க."

"நான் எங்கம்மா பார்த்தேன்? எல்லாம் நீதானே பார்த்தே?"

"அதைப் போடுங்க."

காவலாளி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பக்கச் சுவரில் காதை வைத்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. மேலே எங்கோ உருளை சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடியருகே அவர் ஃபோனிலிருந்து, எதையோ அனுப்பிய மெல்லிய ஒலி ஒன்று வந்தது. அவள் காதை எடுக்கவில்லை.

கீழ்த்தளம். கதவு திறந்தது. வெளியே மெக்கானிக்குகள் மூச்சு வாங்கிக்கொண்டு கை நீட்டி நின்றார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றாள்.

செருப்பைக் கழற்றி, வெறுங்காலை லிஃப்ட் தரையும் கீழ்த்தளத்துத் தரையும் சேரும் கோட்டின்மேல் வைத்து ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவிப் பார்த்தாள். மேடு இல்லை. பள்ளம் இல்லை.

"ம், தூக்குங்க."