இடப்பக்கம் சாய்ந்த இருக்கை

அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு விதிதான் உண்டு: கோட்டை நம்பாதே, எண்ணைப் படி.

பழைய வரைபடத் தாள் ஈரத்தில் ஊறும், வெயிலில் சுருங்கும். தாளோடு சேர்ந்து கோடும் சுருங்கும். பக்கத்தில் எழுதிய எண் மட்டும் எழுதியபடியே இருக்கும். அதனால் கோட்டின் மேல் அளவுகோலை வைப்பது இந்தத் தொழிலில் பெரிய பாவம்.

அக்காவுக்கு இது தெரியாமல் இல்லை. என்றோ முடிந்துபோன ஒரு போரில் பறந்த ஒற்றை இருக்கை விமானத்தை, அதைக் கட்டிய தொழிற்சாலையின் வரைபடங்களிலிருந்து, ஆணி ஆணியாகக் கணினிக்குள் எழுப்பிக்கொண்டிருந்தாள். முழு விமானம் உலகில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாள்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவள் திரையில் உருவாக்குவதைத் தகரத்தில் அடித்துக் கொடுப்பவர் சுத்தியல் அண்ணன். அதை ஓட்டப்போவது அவள் தம்பி.

தாள்களில் இரண்டு கைகள் இருந்தன. கோடு போட்டவர் ஒருவர்; மயிரிழை பிசகாத, அழகான கை. எண் எழுதியவர் இன்னொருவர். அவருடைய ஏழின் வயிற்றில் எப்போதும் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். விமானியின் அறை வரும் தாள்களில் மட்டும் அவர் எண் ஒன்று சொல்லும், கோடு வேறொன்று சொல்லும். வித்தியாசம் ஒரு அரிசி அளவு, சில இடத்தில் ஒரு விரல். ஏழுக்காரர் அரைத்தூக்கத்தில் எழுதியிருப்பார் என்று அவள் திட்டுவாள்.

"இன்னைக்கு என்ன சொல்றார் உன் ஏழுக்காரர்?" என்று தம்பி சீண்டுவான்.

"உன்னை மாதிரிதான், கணக்குல வீக்கு."

"அப்போ நல்ல மனுஷனாத்தான் இருப்பார்."

இருக்கைச் சட்டத்தின் தாளில் ஒரு கறை இருந்தது. எண்ணெயோ, தேநீரோ. முக்கியமான அளவு அதற்குள் மூழ்கிப்போய், ஒரு சின்னக் குறுக்குக் கோடு மட்டும் வெளியே தெரிந்தது. மடிப்பு என்று நினைத்தாள். பக்கத்துத் தாள்களின் எண்களைக் கூட்டிக் கழித்து அளவைக் கண்டுபிடித்திருக்கலாம். ஒரு நாள் வேலை. அவள் கோட்டை அளந்துவிட்டாள்.

இருக்கை வந்தது. சுத்தியல் அண்ணன்தான் முதலில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு தடவை புரண்டார். பிறகு இறங்கி வந்தார்.

"என்னம்மா இது, பிடிக்காத சம்பந்தி வீட்டு நாற்காலி மாதிரி, உக்காந்தவனை இடப்பக்கமாத் தள்ளுது?"

கொட்டகை முதலாளியும் உட்கார்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கடைசியாகத் தம்பி ஏறினான். வாயைத் திறந்தால் மூடாதவன், தகரக் கூரையின் சூட்டுச் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதியாக இருந்தான்.

"எனக்குன்னு தச்ச சட்டை மாதிரி இருக்குக்கா," என்றான் பிறகு.

சின்ன வயதில் ஏணியிலிருந்து விழுந்ததில் அவனுடைய இடது தோள் ஒரு விரல் அளவு இறங்கியிருக்கும். சட்டையைக் கழற்றினால்தான் தெரியும். வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அதன்பின் அவன் சாப்பாட்டு இடைவேளையில்கூட அதில் போய் உட்கார ஆரம்பித்தான். கண்ணாடி மூடி மாட்டாத விமானத்தில், இறக்கை இல்லாத கூட்டில், இடப்பக்கம் பார்த்தபடி. அங்கே ஒரு வெறும் சுவர்தான் இருந்தது.

"அங்க என்னடா பார்க்கிற?"

"ஒண்ணும் பார்க்கலையே."

பார்க்கவில்லை என்பது உண்மைதான் என்று அவளுக்குத் தோன்றியது. பார்ப்பது மாதிரி வைக்கப்பட்டிருந்தான்.

கண்ணாடி மூடி வந்த அன்று காலை, மனசு கேட்காமல் அவள் கணினி முன் உட்கார்ந்தாள். விமானி அறையின் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்தாள். எண்களை முழுக்க அணைத்துவிட்டு, முதல் தடவையாகக் கோடுகளை மட்டும் வைத்து அறையைக் கட்டினாள்.

தாள் சுருங்கினால் எல்லாப் பக்கமும் சுருங்க வேண்டும். இது அப்படி இல்லை. கோடுகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. நடுவில் ஒரு பள்ளம் உருவானது. அளவு சரிபார்க்க வைத்திருந்த மனித உருவத்தை அதில் உட்கார வைத்தாள். பொருந்தவில்லை. இடது தோளை ஒரு விரல் இறக்கினாள். தலையை இடப்பக்கம் திருப்பினாள்.

அச்சில் வார்த்தது போல் உட்கார்ந்துகொண்டது.

தம்பி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வரையப்பட்ட தாள்கள் அவை. உருவத்தின் கையை மெதுவாக நீட்டி, மூடியைத் திறக்கும் கைப்பிடியை நோக்கிக் கொண்டுபோனாள். ஒரு சாண் எட்டவில்லை. எப்படி முறுக்கினாலும் எட்டவில்லை. கோடு போட்டவர் ஒரு ஆளுக்காகவே அந்த இடத்தைச் செய்திருந்தார். அவன் உட்காரலாம். எழுந்து வர முடியாது.

எண்களைத் திரும்ப எரியவிட்டாள். ஒவ்வொரு குறுக்கு ஏழும் வரிசையாக வந்து உட்கார, சுவர்கள் நகர்ந்தன, கைப்பிடி கைக்குப் பக்கத்தில் வந்தது. ஏழுக்காரர் தூங்கவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையும் யாருக்கும் தெரியாமல் எண்ணால் திருத்தியிருக்கிறார். ஒரே ஓர் இடத்தில் அவர் எழுதியதைக் கறை தின்றுவிட்டது. மடிப்பு என்று அவள் நினைத்தது ஒரு ஏழின் வயிற்றுக் கோடு. கொட்டகையில் அந்த இருக்கை ஒன்றுதான் கோட்டின்படி நின்றது.

"தம்பி எங்கே?" என்று கேட்டுக்கொண்டே கொட்டகைக்குள் ஓடினாள்.

"மூடி பொருந்துதான்னு பார்க்கணும்னு ஏறினான்," என்றார் சுத்தியல் அண்ணன். "காலையிலேயே ஏறிட்டான். நான் அந்தப் பக்கம் வேலையா இருந்தேன். இறங்கியிருப்பானே?"

இறங்கவில்லை. மூடி சாத்தியிருந்தது. கண்ணாடியின் உட்புறம் முழுக்க மூச்சுப் படிந்து வெண்மையாக இருந்தது. வெளிக் கைப்பிடி இன்னும் மாட்டப்படவில்லை. அதன் தாளை அவள் இன்னும் தொடவே இல்லை. கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே இருந்த நிழல் அசையவில்லை. கத்தவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"உடைங்கண்ணே."

"முதலாளி என்னை உயிரோட—"

"உடைங்க!"

அண்ணன் சுத்தியலை ஓங்கினார். மூன்றாவது அடியில் மூடி பிளந்தது. உள்ளிருந்து வந்த காற்று, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் காற்றைப் போல் இருந்தது. தம்பியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. இருவரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஒரு கணம் அவன் வரவில்லை. இருக்கை விட மறுப்பதுபோல் இருந்தது. பிறகு வந்தான்.

தரையில் கிடந்து, இருமி, கண் விழித்தான்.

"எதுக்குக்கா உடைச்சீங்க? இப்பத்தானே உக்காந்தேன்."

அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்துத் தாள்களிலிருந்து ஒரு நாள் முழுக்கக் கூட்டிக் கழித்து எண்ணைக் கண்டுபிடித்தாள். அதன்படி புது இருக்கை, புது மூடி. தம்பி உட்கார்ந்து முகத்தைச் சுளித்தான்.

"தோள்ல உறுத்துதுக்கா. பழசே இருந்திருக்கலாம்."

"உறுத்தட்டும். மூடு. இப்போ திற."

திறந்தான். இன்னொரு முறை மூடித் திறக்கச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். சிரித்துக்கொண்டே செய்தான்.

விமானம் பறந்தது. இறங்கியதும் மூடியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தினான்: "முதுகு போச்சு! உன் ஏழுக்காரர் மனுஷனே இல்லக்கா!"

"அவர்தான்டா மனுஷன்," என்றாள்.

பழைய இருக்கையைத் தட்டி நேராக்கிவிட சுத்தியல் அண்ணன் பலமுறை முயன்றார். அடிக்கும்போது நிமிரும்; மறுநாள் பார்த்தால் இடப்பக்கம் பழையபடி பள்ளமாயிருக்கும். அலுத்துப்போய்க் கொட்டகைக்குப் பின்னால் கழிவுத் தகரக் குவியலில் எறிந்துவிட்டார். மழை பெய்தால் அதில் ஒரு தோள் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்.

தம்பி அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறான். ஏதாவது பேசிச் சிரித்துக்கொண்டே போவான். குவியலைத் தாண்டும் அந்தச் சில அடிகளுக்கு மட்டும் பேச்சு நிற்கும், இடது தோள் இன்னும் கொஞ்சம் இறங்கும். அக்கா அந்த நேரத்தில் அவன் வலப்பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஏன் என்று அவன் கேட்பதில்லை.