தூசி படியாத ஸ்லாட்

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மெக்கானிக் வந்து கம்ப்யூட்டரைக் கூடத்துச் சாப்பாட்டு மேசையில் படுக்கப் போட்டுவிட்டார். அவள் சமையலறை வாசலை விட்டு நகரவில்லை.

வேறொன்றுமில்லை, மெமரி கூட்ட வந்திருக்கிறார். அதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா? அவள் பயப்படுவாள். கூடம், சமையலறை, முன்வாசல், பின்வாசல் என்று நாலு இடத்தில் கேமரா மாட்டியிருக்கிறார் அவள் புருஷன். நாலும் இந்தப் பழைய பெட்டி வழியாகத்தான் அவர் போனுக்குப் போகும். கேட்டால் திருட்டு பயமாம். கட்டின பெண்டாட்டியை ஆபீஸில் உட்கார்ந்து நாள் முழுக்கக் காவல் காக்கிற மகானுபாவர், திருடனைப் பிடிக்கப் போகிறாராம்.

மூன்று மாதம் முன்பு, கரண்ட் போன ஒரு மதியம், அவள் அந்தப் பெட்டியைத் திறந்து, இருந்த இரண்டு மெமரிப் பட்டையில் ஒன்றை உருவிவிட்டாள். கல்யாணத்துக்கு முன் ஆபீஸ் வேலை பார்த்தவள். சர்வீஸ் ஆட்கள் செய்வதைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்குப் பெட்டி திணறி நிற்கும், படமும் அப்படியே நிற்கும். மீட்டிங் முடிந்து அவர் கூப்பிட்டு, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று சொல்கிற வரைக்கும் முக்கால் மணி நேரம் அவளுடையது. அவள் போனையும் அவர் நோண்டுவார் என்பதால், அந்த நேரத்தில்தான் பின்வீட்டுக்கு ஓடி, அந்த அம்மாவின் போனில் அக்காவிடம் பேசுவாள். வருகிற புதன்கிழமை பதினொன்றேகாலுக்கு அக்கா கார் எடுத்துக்கொண்டு பின்சந்துக்கு வருகிறாள். இன்னும் மூன்றே நாள். அதற்குள் மனுஷனுக்குப் பொறுமை போய்விட்டது.

"என் பொண்ணு வயசு இருக்கும் போல சார் இந்தப் பெட்டிக்கு," என்றபடி மெக்கானிக் மூடியைக் கழற்றினார். "அவதான் சொன்னா கேக்க மாட்டா. இது கேக்கும்."

பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று குனிந்தார்.

"சார், இங்க இன்னொண்ணு இருந்திருக்கே. பாருங்க, எல்லா இடத்துலயும் தூசி அப்பிக் கிடக்கு, இந்த ஸ்லாட்டுக்குள்ள மட்டும் சுத்தமா இருக்கு. யாரோ கொஞ்ச நாள் முன்னாடிதான் உருவியிருக்காங்க. வீட்டுல தேடிப் பாருங்க, கிடைச்சா புதுசே வேண்டாம்."

நல்ல மனுஷன்தான். நாக்கில்தான் சனி.

"அப்படியா," என்றார் புருஷன். அவள் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க புதுசையே போடுங்க. பழசை நான் அப்புறம் தேடிக்கறேன்."

அந்த 'அப்புறம்' யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். மெக்கானிக் வாசலைத் தாண்டினால் கதை முடிந்தது. புதன்கிழமையாவது, அக்காவாவது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெட்டி திறந்து கிடக்கிறது. இப்போது நாலு கேமராவும் குருடு, கிளம்பினால் இப்போதே.

"டீ போடறேன்," என்றாள்.

"சர்க்கரை கம்மியா, மேடம்."

அடுப்பில் தண்ணீரை வைத்தாள். தன் போனை மேடையிலேயே போட்டாள். ஸ்டூலை இழுத்துப் பரண் அடியில் வைத்தாள். சர்ட்டிஃபிகேட் ஃபைல் பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அது இல்லாமல் போய் அக்கா வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது? கூடத்தில் மூன்று நீள பீப் கேட்டது. "சரியா உக்காரல சார், ரப்பர் போட்டுத் தேய்ச்சா சரியாயிடும்." கடவுளே, இன்னும் கொஞ்சம் தேயுங்கள் என்று வேண்டிக்கொண்டாள்.

பிறகு ஒரே ஒரு குட்டி பீப். பெட்டி கிளம்பிவிட்டது.

அவள் பதறவில்லை. தினமும் ஆன் பண்ணுகிறவள் அவள்தானே. பீப் அடித்து, கேமரா படம் வர ஆறு நிமிஷம் ஆகும், கணக்கு மனப்பாடம். ஃபைலுக்கு இரண்டு, பின்வாசலுக்கு ஒன்று. ஸ்டூல் மேல் ஏறினாள். பாத்திரங்களைச் சத்தம் வராமல் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ஃபைல் கைக்கு வந்துவிட்டது.

"இதான் சார் புது மெமரி," என்று கூடத்திலிருந்து மெக்கானிக் பெருமையாகச் சொன்னார். "முழுசா ஒரு நிமிஷம் கூட ஆகல, உங்க போன்ல நாலு படமும் வந்தாச்சு. மேடம் ஸ்டூல் மேல நிக்கறது எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. கையில இருக்கற ஃபைல் கூடத் தெரியுது."

நாற்காலி நகர்ந்தது.

"பாத்து மெதுவா இறங்கும்மா," என்றார் புருஷன், சமையலறைக்கு நடந்து வந்துகொண்டே. "விழுந்துடப் போறே."