கோயில் தெரு ஆட்சேபணை மனு

உபதேசியார் ஸ்தனிஸ்லாஸுக்குப் பாராட்டு என்றால் கொள்ளைப் பிரியம். அதை மறைக்கவும் தெரியாது மனுசனுக்கு. “ஒங்க மனுவப் பாத்துட்டு தாசில்தாரு அசந்துட்டாராம்ல” என்று யாராவது சும்மா அடித்துவிட்டால்கூட, “சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்பார். சொல்லிவிட்டு, அப்புறம் என்ன சொன்னாராம் என்ற முகத்தோடு அங்கேயே நிற்பார்.

திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற பக்கம் ஒரு பேரூராட்சி. பேரைச் சொன்னால் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள், வேண்டாம். அந்த ஊர் மாதா கோயிலில் அவர் முப்பது வருசமாக உபதேசியார். சாமியார்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். உபதேசியார் மட்டும் அப்படியே இருப்பார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் மந்திரம் சொல்வது, இது போக ஊருக்கே மனு எழுதுவது. ரேஷன் கார்டா, முதியோர் பென்சனா, பட்டாவா, எல்லாம் அவர் கைதான். காசு வாங்க மாட்டார். குண்டு குண்டாக, நிமிர்ந்து நிற்கிற எழுத்து. கவரைப் பிரிக்கும்போதே ஆபீஸில் சொல்லிவிடுவார்கள், இது கோயில் உபதேசியார் எழுத்து என்று.

2007இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்ததும் செபஸ்தியம்மாள் அவரைத் தேடி வந்தாள். சவேரியார் தெருக்காரி. விடியுமுன்னே தோட்டங்களுக்குப் பூ எடுக்கப் போகிறவள். தெருவில் மகளிர் குழு ஒன்று ஆரம்பித்து அதற்கு அவள்தான் தலைவி. கையெழுத்துப் போடுவாள், அச்செழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான்.

“உபதேசியாரே, குழுக் கூட்டத்துக்கு ஒரு பொண்ணு வந்து சொல்லுச்சு. பத்து ரூவா ஸ்டாம்பு ஒட்டி எழுதிப் போட்டா, ஆபீஸ்ல இருக்கற எந்தக் கடுதாசியையும் நம்ம கேட்டு வாங்கலாமாம்ல? சட்டமே வந்துருச்சாம்ல?”

“ஆமா. தகவல் அறியும் உரிமைச் சட்டம். வந்து ரெண்டு வருசமாச்சே” என்றார், தாமே போட்ட சட்டம் மாதிரி.

“அப்ப எனக்கு ஒண்ணு எழுதுங்க. தொண்ணூத்தேழுல எங்க தெருவுக்குக் குழா வருதுன்னாக. சுண்ணாம்புக்கோடு கூடப் போட்டாக. அப்புறம் நின்னு போச்சு. ஏன் நின்னுச்சு, யாரு நிப்பாட்டுனது, அந்தக் கடுதாசி எனக்கு வேணும்.”

உபதேசியார் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை மூடினார், மறுபடி திறந்தார்.

வேறென்ன செய்வார்? அந்தக் கடுதாசியை எழுதினதே அவர்தான்.

தொட்டியிலிருந்து சவேரியார் தெருவுக்குக் குழாய் போக வேண்டுமென்றால் கோயில் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். கோயில் தெருவும் வேதக்காரத் தெருதான், சவேரியார் தெருவும் வேதக்காரத் தெருதான். ஒரே மாதா, ஒரே பூசை, ஒரே நற்கருணை. ஆனால் கல்லறையில் சாதி பார்த்து நடுச்சுவர் எழுப்பியிருந்த ஊர் அது. மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. குழாய் நம்ம தெரு வழியாகப் போனால் நமக்குத் தண்ணீர் வேகம் குறையும் என்று கோயில் தெருவில் பேச்சு கிளம்பியது. அது வெளியே சொன்ன காரணம். சொல்லாத காரணத்தையும் சேர்த்து எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது. மளிகைக்கடை பாஸ்கல் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, “உபதேசியாரே, ஒங்க தமிழுக்கு முன்னால பஞ்சாயத்து நிக்க முடியுமா?” என்றார். போதாதா? உச்சி குளிர்ந்துபோய் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு வாக்கியத்தை மட்டும் மூன்று தரம் அடித்துத் திருத்தி எழுதினார். பாஸ்கல் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, “சபாஷ்” என்று முதுகில் தட்டினார்.

பேரூராட்சியில் குழாய்த் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்தது ஒத்திவைத்ததுதான். பத்து வருசமாகச் சவேரியார் தெருப் பெண்கள் திருச்சி ரோட்டைத் தாண்டி நாச்சிமுத்து தோட்டத்துப் பம்புசெட்டில் தண்ணீர் எடுத்தார்கள். உபதேசியாருக்கு அது உறுத்தியதா என்றால், இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொய், பராக்கு என்று எல்லாவற்றையும் சொன்னவர், இதை ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டார்கள், எழுதினேன், அதில் என்ன பாவம் என்று இருந்துவிட்டார். இப்போது செபஸ்தியம்மாள் முன்னால் நிற்கும்போதுதான் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆபீஸில் நகலை அவளிடம் கொடுத்தால் தெருவே பார்க்கும். பார்த்தால் எழுத்தைத் தெரியாதவர் யார்?

உட்கார்ந்து எழுதினார். ‘1997’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘1995’ என்று எழுதினார்.

இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. தாங்கள் குறிப்பிடும் ஆண்டில் அப்படியொரு மனு பெறப்படவில்லை. செபஸ்தியம்மாள் அதை எடுத்துக்கொண்டு, மடியில் ஒரு படி மொச்சையும் கட்டிக்கொண்டு வந்தாள்.

“நாந்தான் வருசத்தத் தப்பாச் சொல்லிட்டேன் போல. ஒங்களுக்கு வேற ரெட்ட வேல வச்சுட்டேன், கோவிச்சுக்கிறாதீக.”

அவருக்கு அந்த மொச்சையை வாங்கக் கை நீளவில்லை. வாங்காமல் இருந்தால் சந்தேகப்படுவாளோ என்று வாங்கினார். வீட்டில் அவர் சம்சாரம் ஜோஸ்பின் அதைப் புளிக்குழம்பு வைத்தாள். “என்னங்க, கொழம்பு நல்லால்லியா?” என்று கேட்டாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

இரண்டாவது தரம் வருசத்தைச் சரியாகவே எழுதினார். பாதி நல்லவனாகிவிட்டோம் என்று ஒரு நிமிசம் நினைப்புக்கூட வந்தது. ஆனால் அவள் கொடுத்த பத்து ரூபாய் ஸ்டாம்பை ஒட்டாமல் ஜெபப் புத்தகத்துக்குள் செருகிவிட்டார். அதற்கும் பதில் வந்தது: கட்டணம் இணைக்கப்படவில்லை. காலையும் மாலையும் ஜெபப் புத்தகத்தைத் திறந்தால் அந்த ஸ்டாம்பு கண்ணில் படும். ஊருக்கெல்லாம் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிறவன், ஒரு பூக்காரியின் ஸ்டாம்பை ஒளித்து வைத்திருக்கிறேனே என்று அவருக்கே தம்மேல் அருவருப்பாக இருந்தது. எடுத்துக் கிழித்துப் போடவும் துணிச்சல் இல்லை. திருப்பிக் கொடுக்க மட்டும் இருக்குமா?

செபஸ்தியம்மாளுக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. “தபால்ல எங்கயாச்சும் உருவிட்டாகளோ என்னமோ” என்றாள். ஆனால் அவள் ஓய்ந்து உட்காருகிற பிறவி இல்லை. பூவை இறக்கிப் போட்டுவிட்டு நேரே பேரூராட்சி ஆபீசுக்கே போய்விட்டாள். அங்கே புவனேஸ்வரி என்று ஒரு கிளார்க், புதுசாக வந்த பெண். “எழுதிக்கிட்டே ஏம்மா அலையிறீங்க? வாங்க, பைலையே எடுத்து வைக்கிறேன், பாத்துக்கங்க. சட்டத்துல அதுக்கும் எடம் இருக்கு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

“புதங்கெழம வரச் சொல்லிருக்காக. நீங்கதான் கூட வந்து வாசிச்சுச் சொல்லணும், உபதேசியாரே.”

“புதன்கிழமை எனக்கு பிஷப் ஆபீஸ்ல வேலை இருக்கே.”

“அப்ப ஒங்களுக்குத் தோதான நாளு சொல்லுங்க. நான் அந்தப் பிள்ளட்டச் சொல்லிக்கிறேன். எனக்கு வேற யாரு இருக்கா நம்பிக் கூட்டிட்டுப் போக?”

எத்தனை நாளைக்குத்தான் ஓடுவது? வெள்ளிக்கிழமை போனார்கள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். அவள் நாலடி பின்னால், முழங்காலைப் பிடித்துப் பிடித்து வந்தாள். ஏறி உட்காரு என்று சொல்லக்கூட அவருக்கு நாக்கு எழவில்லை.

புவனேஸ்வரி பைலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். விளிம்பெல்லாம் அரித்துப்போன பழுப்புக் காகிதம். ஆனால் எழுத்து நேற்று எழுதினது மாதிரி நிமிர்ந்து நின்றது. செபஸ்தியம்மாள் போட்ட இரண்டு விண்ணப்பங்களும் அந்தப் பெண்ணின் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தன. அவள் அதைப் பார்த்தாள், இதைப் பார்த்தாள், நிமிர்ந்து உபதேசியாரைப் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துச் செபஸ்தியம்மாளுக்குப் போட்டாள்.

“வாசிங்கய்யா” என்றாள்.

அவர் வாசித்தார். ஐயா அவர்களுக்கு, கோயில் தெருப் பொதுமக்கள் எழுதிக்கொண்டது. தண்ணீர் வேகம் குறையும். தெருவைத் தோண்டினால் போக்குவரத்துக்கு இடைஞ்சல். தேர் வரும் பாதை கெடும். எனவே ஆட்சேபிக்கிறோம். குரல் தேய்ந்து தேய்ந்து கடைசியில் மூச்சாகத்தான் வந்தது.

“இம்புட்டுத்தானா?” என்றாள் செபஸ்தியம்மாள்.

“இம்புட்டுத்தான்.”

“நடுவுல ஒரு வரி விட்டுட்டீங்க, சார்” என்றாள் புவனேஸ்வரி. “மூணாவது காரணம்.”

கண்ணாடியைத் துடைத்தார். வேறு வழியில்லை.

“‘மேற்படி தெருவினர் தண்ணீர் பிடிக்கும் சாக்கில் எங்கள் வாசல்களில் புழங்கத் தொடங்கினால், இத்தெருவின் சுத்தமும் எங்கள் பெண்டு பிள்ளைகளின் மரியாதையும் கெட்டுவிடும் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறோம்.’”

பத்து வருசத்துக்கு முன்னால் சபாஷ் வாங்கிய வாக்கியம். அதை அவள் முகத்துக்கு நேராக, தம் வாயாலேயே படித்தார்.

செபஸ்தியம்மாள் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். அப்புறம், “பேரெல்லாம் வாசிங்க” என்றாள்.

முப்பத்தியொரு பேர். பாஸ்கல் முதல் பேர். ஒவ்வொன்றையும் வாசிக்க, அவள் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். முடிந்ததும் அவள் நெஞ்சிலிருந்து பெருசாக ஒரு மூச்சு இறங்கியது.

“ஒங்க பேரு இல்ல” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் சிரித்தாள். “எனக்குத் தெரியும். ஊரே போட்டாலும் நீங்க போட்டுருக்க மாட்டீக.”

மனு எழுதின அன்றைக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி பாஸ்கல் பேனாவை நீட்டத்தான் செய்தார். உபதேசியார் நமக்கெதற்கு வம்பு, நாளைக்கு நாலு தெருவிலும் முழிக்க வேண்டுமே என்று நழுவிவிட்டார். அந்தச் சாமர்த்தியம் இன்றைக்கு அவரைக் காப்பாற்றிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். புவனேஸ்வரி பேச மாட்டாள். பேசுகிறவளாக இருந்தால் இதற்குள் பேசியிருப்பாள். வீட்டுக்குப் போய்விடலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் செபஸ்தியம்மாள் உபதேசியாரே என்று வந்து நிற்பாள். அதை நினைத்ததும்தான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

“பேரு இல்லம்மா” என்றார். அவளை அவர் அம்மா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். “எழுத்து என்னுது. நான் எழுதுனதுதான் இது. பூராவும். அந்த வரியும்.”

அவள் புரியாத மாதிரி பார்த்தாள்.

“வருசத்தையும் நாந்தான் மாத்தி எழுதுனேன். ஸ்டாம்பையும் நாந்தான் ஒட்டல.”

அவள் அழவில்லை, கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எம்மக டெய்சிய ஒரு வருசம் புதுநன்மை, மொத நற்கருண, குடுக்காம நிப்பாட்டுனீகளே, ஞாபகம் இருக்கா? ஜெப வகுப்புக்கு நெதம் லேட்டா வாரான்னு. எல்லாப் பிள்ளைகளும் வெள்ளக் கவுனு போட்டுப் போச்சுக, இவ மட்டும் பின்னால நின்னா. அவ பம்புசெட்டுல வருசையில நின்னுட்டு, ரெண்டு கொடம் எறக்கி வச்சுட்டுத்தான வருவா. அது தெரிஞ்சுதான் நிப்பாட்டுனீகளா?”

தெரியும் என்றால் பாவி. தெரியாது என்றால் பொய். அவர் தேடித் தேடிப் பார்த்தார், இரண்டுமே உண்மை இல்லை.

“நெனச்சே பாக்கல” என்றார்.

“நெனச்சே பாக்கல” என்று அவளும் ஒரு தரம் சொன்னாள், அது எப்படி இருக்கிறது என்று வாயில் போட்டுப் பார்க்கிற மாதிரி.

பிறகு அவர் பக்கம் திரும்பவே இல்லை. “தாயி, இதுக்கு ஒரு ஜெராக்ஸ் குடு” என்றாள். புவனேஸ்வரி எடுத்துக்கொண்டு வந்தாள். செபஸ்தியம்மாள் அதை மேசைமேல் அவருக்கு நேராகத் திருப்பி வைத்தாள். முப்பத்தியோராவது பேருக்குக் கீழே விரலை வைத்தாள்.

“போடுங்க.”

“என்னம்மா?”

“பேரு. முழுப் பேரு.”

பேனாவைத் திறந்தார். ஸ்தனிஸ்லாஸ் என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.

“உபதேசியாருன்னும் போடுங்க” என்றாள்.

போட்டார்.

அவள் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள், புவனேஸ்வரியிடம் மட்டும் சொன்னாள்:

“வாரேன் தாயி. ஞாயித்துக்கெழம திண்டுக்கல் நாகல் நகர்லருந்து எம்மக வாரா. தெருவக் கூட்டி வச்சு அவள வாசிக்கச் சொல்லணும். டெய்சி நல்லா வாசிப்பா.”