உதயபானுவின் எதிர்ப்பு சக்தி குறித்த தீர்மானம்

கள்ளிறக்க ஏறிய உதயபானு தென்னையிலிருந்து விழுந்ததில் மண்ணீரல் நைந்துபோயிற்று. மெடிக்கல் காலேஜில் அதை எடுத்து எறிந்துவிட்டு உயிரை மட்டும் மிச்சம் வைத்தார்கள். செலவுக்காகப் புத்தன்தோடு ஊரே திரண்டு சிகிச்சை உதவிக் குழு அமைத்தது, வீடு வீடாகப் பிரியாணிப் பொட்டலம் விற்றது. அன்றிலிருந்து அவன் வயிறு அவனுக்குச் சொந்தமில்லை. ஒரு பொட்டலம் தின்றவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னாள்: "நல்லா சாப்பிடுங்க, தூங்குங்க, கையைக் கழுவுங்க. எல்லாம் நல்லதுதான். ஆனா மண்ணீரல் இல்லாத உடம்பு கிருமியைத் தாங்காது, இந்த மாத்திரை தினமும் உள்ள போகணும். தடுப்பூசித் தேதி தவறக் கூடாது. காய்ச்சல்னா கஷாயம் வெச்சுப் பார்த்துக்கிட்டு உட்காராதீங்க, அந்த நிமிஷமே இங்க வந்து நில்லுங்க."

மனைவி ஷீபா அதை மனப்பாடம் செய்துகொண்டாள். குழு அதை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது.

வாசகசாலையில் கூட்டம். தலைவர் சுகதன் மாஷ். முப்பது வருஷம் இந்தி சொல்லிக்கொடுத்தவர் என்பதால் மருத்துவத்தில் அவருக்குச் சந்தேகமே வராது.

"நாளைக்குக் கர்க்கடகம் பிறக்குது. மாசம் முழுக்க மருந்துக் கஞ்சி, பத்தியம். உடம்புக்குத் தானா சக்தி வரும். அதுவரைக்கும் இங்கிலீஷ் மாத்திரை கூடாது, ரெண்டும் சண்டை போட்டுக்கும்."

ஆட்டோ ஓட்டும் சஜீவன், இணைச் செயலாளர், எழுந்தான். "மாஷே, தினம் ஒரு ஆட்டு மண்ணீரலும் சேர்த்துக்கலாம். காலியான வேலைக்கு ஆள் போட வேண்டாமா?"

ஷீபா குறுக்கிட்டாள். "கஞ்சி குடிக்கட்டும் மாஷே, நான் வேண்டாங்கலை. மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க. டாக்டர் அவ்வளவு சொன்னாங்களே..."

"அந்த டாக்டர் நம்மகிட்ட ஒரு பிரியாணி வாங்கிச்சா மோளே?"

தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஷீபா ஒருத்தியைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். உதயபானுவும் தூக்கினான். இவ்வளவு செய்தவர்களின் முகத்தில் எப்படி அடிப்பது?

மாத்திரை நின்று கஞ்சி தொடங்கிய பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அவனுக்குக் குளிர் கண்டது. கஞ்சிக் கிண்ணம் கையில் தாளம் போட்டது. ஷீபா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்புக் கல்லாகக் கொதித்தது.

"எந்திரிங்க, போலாம்."

"மாஷ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"மாஷா உங்களைப் பெத்தாரு?"

மாஷ் வந்தார், நாடி பிடித்தார், சந்தோஷப்பட்டார். "கஞ்சி வேலை செய்யுது! உள்ளேயிருக்குற அழுக்கெல்லாம் எரியுது. சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்."

உதயபானு பல் கிட்டித்தபடி தலையாட்டினான். மூன்று மணிக்கு அவன் காலில் கருஞ்சிவப்பாகத் திட்டுகள் படர்ந்தன. ஷீபா சஜீவனிடம் ஓடினாள்.

"வண்டி ரெடிதான் சேச்சி. மாஷ் ஒரு வார்த்தை சொல்லட்டும்."

அவள் நடுரோட்டில் போய் நின்று ஒரு மீன் வண்டியை மறித்தாள். ஓட்டியவன் வெளியூர்க்காரன், அந்தப் பிரியாணியைத் தின்னாதவன். ஆளைப் பார்த்ததும் ஐஸ் பெட்டிகளை மழையில் இறக்கி வைத்துவிட்டு உதயபானுவை ஏற்றிக்கொண்டான். ஆஸ்பத்திரி சேரும்போது மணி ஐந்து.

"காலையிலேயே வந்திருந்தா ஊசியோட போயிருக்கும்" என்றாள் டாக்டரம்மா. அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று ஷீபாவுக்குத் தோன்றியது.

உயிர் தப்பியது. ரத்தத்தில் கிருமி பரவிக் கறுத்துப்போன விரல்கள் தப்பவில்லை. வலது கையில் கட்டைவிரல் மட்டும் தங்கியது, இடது கையில் இரண்டு. மரமேறியின் கை இனி எந்த மரத்தையும் பிடிக்காது.

மூன்றாவது வாரம் குழு பார்க்க வந்தது. சஜீவன் கட்டிலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். மாஷ் கட்டிலோரம் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"பன்னிரண்டு நாள் கஞ்சி உள்ள போயிருந்துச்சு. அதனாலதான் உயிராவது நின்னுது."

உதயபானு வாய் திறந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று மாஷ் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். அவன் ஷீபாவின் பக்கம் திரும்பினான். அவள் மாத்திரையை அவன் நாக்கில் வைத்து, தண்ணீரைச் சாய்த்தாள்.

"இது எவ்வளவு நாளைக்கு?" என்றார் மாஷ்.

"ஆயுசு முழுக்க."

"ஆயுசு முழுக்கவா!" மாஷ் உண்மையாகவே பதறினார். "பக்க விளைவு வந்துடப் போவுது மோளே."