ஃபுல் என்றான் பிச்சய்யா

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. இட்லிக் கடையில் காதில் விழுந்தது. ஆந்திராவில் சிலகலூரிப்பேட்டைப் பக்கம் மிளகாய்க் குளிர்கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. கிடங்குக்கு எதிரேதான் கடை. பக்கத்து பெஞ்சில் இரண்டு பெண்கள் சட்னியைத் தொட்டுக்கொண்டு, அங்கே இல்லாத ஒருத்தியை மென்றுகொண்டிருந்தார்கள்.

"பிச்சய்யா 'சாப்பிட்டேன்'னு சொன்னாக்கூட மல்லேஸ்வரி நம்ப மாட்டாளாம். சட்டியத் தெறந்து பாத்துட்டுத்தான் படுக்கவே போவாளாம்."

"நம்பித்தானே கெட்டா? 'ஃபுல்லு'ன்னான். ட்ரோன் போய் கால்வாய்க்குள்ள உக்காந்துச்சே!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த இட்லி வருவதற்குள் கதை கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது என் புத்தி.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'நாகமல்லேஸ்வரி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். அந்த நீலம் அவளுக்கு விடுதலையின் —'

(வேண்டாம். மிளகாயில் இலைப்பேன் ஏறிவிட்டால் மருந்து அடிக்கச் சொல்லி ஊரே அவள் வாசலில் வந்து நிற்கும். நீலத்தைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்?)

அடுத்தது: 'லித்தியம் பேட்டரியின் ஆயுள் என்பது அதைப் பராமரிக்கும் முறையைப் —'

(விவசாய அலுவலகத்துத் துண்டுப் பிரசுரம்.)

ஆகவே நடந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன். மல்லேஸ்வரி, மகளிர் சங்கத்தின் மருந்து அடிக்கும் ட்ரோனை ஓட்டுகிறவள். பிச்சய்யா அவள் கணவன். பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதும் மருந்து கலப்பதும் அவன் பொறுப்பு. போன மழைக்காலத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்தது. வந்ததும் சார்ஜரை மறுபடி முடுக்கிவிட வேண்டும். அவன் மறந்துவிட்டான். மறுநாள் வயலில் "ஃபுல்லு" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பேட்டரியைப் பார்க்கவில்லை. தொட்டி நிறைய மருந்தோடு ட்ரோன் ஏறியது. சற்று நேரத்தில் ரிமோட் கத்த, அவள் அவசரமாகத் திருப்பினாள். திரும்பும் வழியில் கால்வாய் இருந்தது.

இன்னொரு முறை விழுந்தால் ரிமோட் பக்கத்து ஊர்ப் பெண்ணுக்குப் போய்விடும் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். பிறகு மல்லேஸ்வரி பழையபடி மிளகாய் பறிக்கப் போக வேண்டியதுதான். அதில் அவளுக்குக் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் நாள் முழுக்க முதுகு வளைந்து நின்று, கை எரிச்சலோடு சோறு பிசைய அவளுக்கு இஷ்டமில்லை.

அன்றிலிருந்து பிச்சய்யா என்ன சொன்னாலும் பேட்டரியின் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள். நான்கு பச்சை விளக்கும் எரிந்தால் சார்ஜ் முழுசு. அப்போதுதான் ரிமோட்டை எடுப்பாள்.*

* நான்கும் எரிந்தாலும், பேட்டரி பழசாக இருந்தால் பாரம் ஏறியதும் காலை வாரிவிடும். அதனால் இடுப்பு உயரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்றுவாள். கதைக்கு இது தேவையில்லை. ட்ரோன் வைத்திருப்பவர்களுக்குத் தேவை.

3

இனி வயல். இதுவும் இட்லிக் கடையில் கேட்டதுதான். வீரராகவுலுவின் மிளகாய் வயல். அவர் பிச்சய்யாவின் அக்கா புருஷன், அவன் வாயில் 'பாவா'. வாய் சும்மா இருக்காத மனுஷர். வரப்பில் அவரோடு வேடிக்கை பார்க்க நாலைந்து பேர்.

"ஏண்டா பிச்சய்யா, சார்ஜ் இருக்கா? இல்ல, என் வயல்லயும் கால்வாய் தேடணுமா?"

"ஃபுல்லு பாவா."

மல்லேஸ்வரி பேட்டரியை நோக்கிக் குனிந்தாள்.

"அடடே, தங்கச்சி! கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் நின்னு ஃபுல்லுங்கறான். நீ பொத்தான்கிட்ட கேக்கப் போறியா?"

"விடு வீரராகவுலு, நாளைக்கு மூச்சு இருக்கான்னு அவனையே அழுத்திப் பாப்பா," என்றார் வரப்பிலிருந்த ஒருவர்.

"அழுத்தினா எத்தன வெளக்குடா எரியும் உனக்கு?"

வரப்பு முழுக்கச் சிரிப்பு. பிச்சய்யா மருந்து வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் காது மட்டும் சிவந்திருந்தது. மல்லேஸ்வரியின் விரல் பொத்தான் மேலேயே நின்றது.

கதையும் அங்கேயே நின்றுவிட்டது. அழுத்தாமல் பறக்கவிட்டு, ட்ரோன் விழுந்துவிட்டால் அவள் பிழைப்பு போயிற்று. விழாமல் பறந்தால் இன்னும் மோசம். அடுத்த முறையும் அழுத்த மாட்டாள், என்றைக்காவது விழும். சரி, அழுத்துகிறாள், நான்கும் எரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். பிச்சய்யா சொன்னது சரி. ஆனாலும் மச்சான் முன்னால் அவன் தலை குனிந்ததுதான். இரண்டுதான் எரிந்தால்? அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நாலு முடிவையும் எழுதிப் பார்த்தேன், ஒன்றில்கூட இந்த இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போகவில்லை.

பிச்சய்யாவைக் குடிகாரனாக்கிவிட்டால் சுலபமாக இருக்கும் என்றும் ஒரு யோசனை வந்தது. அப்படி ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன்.

4

எப்படித்தான் செய்தி போனதோ, மல்லேஸ்வரி கிடங்குக்கே வந்துவிட்டாள். சேலைமேல் முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி. வயலிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

"என்ன சார், எங்களப் பத்தி ஏதோ எழுதறீங்களாமே?"

"சும்மா, ஒரு கதை."

"எங்க வீட்டுக்காரர குடிக்கிறவர்னு எழுதிடாதீங்க. டீ குடிச்சாலே அவருக்கு நெஞ்சு எரியும்."

அந்தப் பக்கத்தை அவள் கண்ணெதிரிலேயே கிழித்தேன். பிறகு கேட்டேன்: "அவர் இப்பவும் சார்ஜ் போட மறக்கறாரா?"

"மறக்கறதா? கால்வாய் சமாச்சாரத்துக்கு அப்புறம் சார்ஜர் பக்கத்துலயே பாயப் போட்டுக்கறாரு."

"அப்புறமும் ஏன் அழுத்திப் பாக்கறீங்க?"

"பாக்காம எப்பிடி சார் விடறது?" என்றாள், நான் ஏதோ பைத்தியக்காரத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி. பிறகு குரல் இறங்கியது. "நான் அழுத்தறப்பல்லாம் அவரு அந்தப் பக்கம் திரும்பிக்கறாரு. அது ஒண்ணுதான் எனக்கு —"

(அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.)

"அன்னிக்கு வீரராகவுலு வயல்ல என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டீங்களா?"

"சொல்லாதீங்க. கதை கெட்டுடும்."

"கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்! ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. அந்த வெயில்ல வெளக்கு எரியறதே தெரியல." தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

5

ஆகவே மறுபடியும் வயல்.

மல்லேஸ்வரி பொத்தானை அழுத்தினாள். வெயில் கண்ணைக் குத்தியது. விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை. இப்படிப்பட்ட வெயிலில் ட்ரோன் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் உள்ளங்கையைக் குடை போல் கவித்துத்தான் பார்ப்பார்கள். அவளுடைய இன்னொரு கை சும்மாதான் இருந்தது. அதை அவள் கவிக்கவில்லை.

"இந்தாய்யா," என்று கூப்பிட்டாள். "இப்பிடி வந்து கொஞ்சம் நில்லு. வெயில்ல ஒண்ணும் தெரியல."

பிச்சய்யா காதில் விழாதது போல வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"போடா, சாட்சி சொல்லக் கூப்பிடறா," என்றார் வீரராகவுலு.

(இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நாலு பேர் மெச்சுவார்கள். ஆனால் அவனை வாளியோடு அங்கேயே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.)

கலக்கும் குச்சியை வைத்தான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தான். வெயிலுக்கு முதுகைக் காட்டி, அவன் நிழல் பேட்டரிமேல் விழும்படி நின்றான். இந்த முறை அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை.

"மறுபடி அழுத்து," என்றான்.

அழுத்தினாள். இரண்டு பேரும் குனிந்தார்கள். மறைத்துக்கொண்டு நின்றதால் வரப்பிலிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "எத்தனைடா?" என்று வீரராகவுலு கத்தினார். இருவரும் பதில் சொல்லவில்லை.

நானும் சொல்லப்போவதில்லை. அந்த நிழலில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. குனிந்து நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நான் 'ஃபுல்' என்று எழுதினாலும் நம்பிவிடாதீர்கள்.