நோட்டீஸில் இருந்த கோட்டை

உமாசங்கருக்கு எது பிடிக்குமோ இல்லையோ, கலர் நோட்டீஸ் பிடிக்கும். சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு வேன், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இவ்வளவுதான் அவருடைய சுற்றுலா கம்பெனி. 2010 பொங்கலுக்கு ‘கடலூர் ஒருநாள் உலா: சில்வர் பீச், புனித டேவிட் கோட்டை, பாடலீஸ்வரர் கோயில், பிச்சாவரம் படகு’ என்று நோட்டீஸ் அடித்தார். அடித்தது சரி. கோட்டைக்கு ஒரு படம் வேண்டுமே என்று தேடி, தரங்கம்பாடிக் கோட்டையை எடுத்து ஒட்டினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அந்த வேனில் ஜான்சிதான் கைடு. தேவனாம்பட்டினத்துப் பெண், எம்.ஏ. வரலாறு. “ஹிஸ்டரி படிச்சு என்னத்த கிழிக்கப் போற?” என்று கேட்ட தெருவில் இப்போது கழுத்தில் கைடு அட்டையை மாட்டிக்கொண்டு நடக்கிறாள். அந்த அட்டைக்குத்தான் ஆபத்து வந்துவிட்டது. வேனில் ஒரு கருத்து நோட்டு உண்டு. பயணிகள் அதில் எழுதுவதுதான் உமாசங்கருக்கு வேதவாக்கு. கோட்டையைக் காட்டவில்லை என்று ஏற்கெனவே இரண்டு பேர் எழுதித் தொலைத்திருந்தார்கள்.

“மூணாவது புகார் வந்துச்சுன்னா என் மச்சினி பிரீதாவ போட்டுடுவேன். தப்பா நெனச்சிக்காத” என்றார் உமாசங்கர்.

“சார், கோட்டையே இல்ல சார். 1758லயே பிரெஞ்சுக்காரன் இடிச்சுத் தள்ளிட்டான். படத்த எடுத்துடுங்கன்னு அப்பவே சொன்னேன்.”

“அடிச்ச நோட்டீஸ கிழிச்சா போட முடியும்? அந்தாண்ட பழைய ஐஸ் பேக்டரி செவுரு ஒண்ணு நிக்குதில்ல? அத காட்டி இதான் கோட்டைன்னு சொல்லு. எவன் கண்டான்?”

அடுத்த ஞாயிறு வேனில் பதினாலு பேர் ஏறினார்கள். முன்சீட்டில் கீழவீதி கனகசபேசன், பக்கத்தில் அவர் மனைவி சிவகாமு. கனகசபேசன் தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு பூராவும் மனுக்களில் ஓட்டை கண்டுபிடித்தவர் சும்மா வருவாரா? நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

முதுநகர் தாண்டும்வரை தூங்கினார். சில்வர் பீச்சில் கடலைப் பார்த்துவிட்டு, “கடல் இருக்கு” என்று நோட்டீஸில் பேனாவால் ஒரு டிக் போட்டார். டிரைவர் ராஜவேல் ஜான்சியின் பக்கம் குனிந்து, “தங்கச்சி, இந்த ஆளு ஆடிட்டு பண்ணவே வந்துகீறாரு” என்றான்.

அடுத்த நிறுத்தம் கோட்டை. வேலிக்காத்தான் புதர், ஒரு மண்மேடு, அங்கங்கே சிவப்புச் செங்கல் துண்டு. தூரத்தில் ஐஸ் பேக்டரி சுவர், காரை உதிர்ந்து, பார்ப்பதற்கு முந்நூறு வருஷப் பழசு மாதிரி வாகாக நின்றது. கனகசபேசன் நோட்டீஸைப் பிரித்துக் கோட்டைப் படத்தில் விரலை வைத்தார்.

“ஏம்மா, இது எங்க?”

ஜான்சியின் கை பாதி எழும்பிவிட்டது, சுவரைக் காட்ட. ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிக் விழுந்துவிடும். ஆனால் அந்தச் சுவர் கட்டினபோது சித்தாள் வேலை செய்தவர்கள் இன்னமும் அவள் தெருவில் உயிரோடு இருக்கிறார்கள். படித்த படிப்புக்கு இப்படி ஒரு பொய்யா என்று வெட்கமாகிவிட்டது. கையை இறக்கினாள்.

“இல்லீங்க ஐயா. இது தரங்கம்பாடி. நம்ம கோட்டைய இடிச்சு எரநூத்தம்பது வருஷமாச்சு. இந்த மேடுதான் மிச்சம்.”

“அப்ப ஊர ஏமாத்தறீங்க!” கனகசபேசனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. “எங்க அந்த நோட்டு? இப்பவே எழுதறேன்.”

போச்சு, இனி பயந்து என்ன ஆகப்போகிறது என்று ஜான்சிக்கு ஒரு துணிச்சல் வந்தது.

“எழுதுங்க ஐயா. அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் குடுங்க. நாலு பேர் வாங்க, நாலு மூலைக்கு.”

சுனாமியில் ஜான்சியின் வீடு அடியோடு போனது. தண்ணீர் வடிந்தபின் அம்மா அவளை வெறும் மணலில் கூட்டிப்போய், “இங்க நில்லு, இதான் வாசப்படி. தம்பி அங்க போடா, அது அடுப்படி” என்று ஒவ்வொருவரையும் ஒரு இடத்தில் நிறுத்தினாள். எல்லோரும் நின்றதும் நடுவில் வீடு இருந்தது. அன்றைக்கு அழுதவள், இன்றைக்கு அதே வழியைக் கையில் எடுத்தாள்.

மூன்று பேர் சிரித்துக்கொண்டே போய் நின்றார்கள். கடல் பக்கம் ஒரு மூலை பாக்கி.

“ஐயா, நீங்க வடகிழக்கு.”

“நான் எதுக்கு நிக்கணும்? ஒண்ணுமே இல்லாத எடத்துல என்னத்த பாக்கறது?”

இதுவரை வாயே திறக்காத சிவகாமு திரும்பினார். “என்னங்க பேசறீங்க? நம்ம கோயில்ல தீட்சிதர் திரைய வெலக்கி ரகசியம்னு காட்டறாரே, அங்க என்ன இருக்கு? வில்வ மாலைக்குப் பின்னாடி வெறும் ஆகாசம். நாப்பது வருஷமா கன்னத்துல போட்டுக்கறீங்க.”

“அதுவும் இதுவும் ஒண்ணாடி?”

“ஒண்ணுன்னு யார் சொன்னா? இல்லாதத பாக்க உங்களுக்குப் பழக்கம் இருக்குன்னு சொல்றேன். போய் நில்லுங்க.”

போய் நின்றார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

ஜான்சி நடுவில் நின்று சொன்னாள். 1690இல் மராட்டியரிடம் இங்கிலீஷ்காரன் கோட்டையை விலைபேசியது. பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊரெல்லாம் கோட்டையோடு சேர்த்தி என்று ஒப்பந்தம் போட்டது. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பேர் வந்தது.

“அடடே! கடலூர்ல குண்டு சாலைன்னு ஒண்ணு இருக்கே?” என்று தென்மேற்கு மூலையிலிருந்து ஒருவர் கத்தினார்.

“அதேதாங்க!”

“அந்தக் காலத்துப் பீரங்கிதானே, எந்தத் தெசையில வெச்சு சுட்டான்? கடல் பக்கம் சுட்டா நஷ்டமாச்சே!” இது கனகசபேசன். கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டவர்போல் கடலைப் பார்த்துக்கொண்டார். ஜான்சி பிரெஞ்சுக்காரன் வந்து இடித்தது வரைக்கும் சொல்லி முடித்தாள். எல்லோரும் மூலையை விட்டு வந்த பிறகும் அவர் மட்டும் கொஞ்சநேரம் அங்கேயே நின்றார்.

வேனில் ஏறியதும் நோட்டைக் கேட்டு வாங்கினார். பாடலீஸ்வரர் கோயிலிலும் நோட்டு அவர் கக்கத்தில். பிச்சாவரத்தில் படகிலும் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். எட்டிப் பார்க்க ஜான்சிக்குத் தைரியமில்லை. பிரீதா இந்த அட்டையை மாட்டிக்கொண்டு நிற்பதே கண்முன் வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் தெற்கு வீதியில் இறங்கி, நோட்டை உமாசங்கர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கனகசபேசன் நடந்தார். உமாசங்கர் விரித்து வாய்விட்டே படித்தார்.

“புகார். ஒன்று: நோட்டீஸில் உள்ள கோட்டை கடலூர்க் கோட்டை அல்ல. ஏழு தினங்களுக்குள் படத்தை நீக்கவும், தவறினால் மேலிடத்துக்கு எழுதப்படும். இரண்டு: கடலூர்க் கோட்டையை இந்தப் பெண் காட்டினார், பார்த்தோம். அதன் வடகிழக்கு மூலையாக நான் இருந்தேன்.”

உமாசங்கர் அதை மறுபடி ஒருமுறை மனதுக்குள் படித்தார். பிறகு மேசையிலிருந்த நோட்டீஸ் கட்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, “ஞாயித்துக்கெழம ஆறு மணிக்கு வந்துடு. லேட் பண்ணாத” என்றார்.

ஜான்சி கழுத்து அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “சரிங்க சார்” என்றாள்.